ஒன்பது மணி நாற்பது நிமிடம்

காலை ஏழு பத்துக்கு
நாரின் ஊர் மருத்துவமனையில் கை நீட்டினார் சகினாலி.
ஊசியைப் பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டார்.
ஆட்டுக்குக் காது துளைக்கும்போது
ஒருநாளும் திருப்பாத முகம்.

இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிவிட வேண்டும்.
நாரினில் சுழற்பொறி பழுதாகி மூன்று வாரம்.
ஆகவே ஒரு பெட்டி, பெட்டிக்குள் பனிக்கட்டி,
தோல்குன்பெக்கின் வண்டி.

தோலோன் கணவாயில்
நிலக்கரி லாரி ஒன்று குறுக்கே படுத்துவிட்டது.
எஞ்சினை அணைத்தான்.
பிளாஸ்க் தேநீரை
முன்வண்டிக்காரனோடு பகிர்ந்துகொண்டான்.
பின்னிருக்கையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்
முப்பத்துநாலு பேர்
பேசாமல் காத்திருந்தார்கள்.

உடலை விட்டு வந்துவிட்டோமென்று
அந்த அணுக்களுக்கு யாரும் சொல்லவில்லை.
வழக்கம்போல் சர்க்கரையைத் தின்றன,
கொஞ்சம் கொஞ்சமாக,
உலை வைக்க ஆளில்லாத வீட்டில்
பானையின் அடியைச் சுரண்டுவதுபோல.
குளிரில் வாசல்காவல் தளர
பொட்டாசியம் வெளியே கசிந்தது.
மலைப்பாதை குலுக்கலில் சில உடைந்தன.
சத்தமே இல்லை.

பிஷ்கெக், மாலை நாலு ஐம்பது.
புருல்சுன் பச்சை மூடிக் குழாயைச் சுழற்றி எடுக்கிறாள்.
வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய நீர்
மாதுளை கழுவிய தண்ணீராய் நிற்கிறது.
எந்திரம் காட்டும் பொட்டாசியத்தை நம்பினால்
சகினாலியின் இதயம் இந்நேரம் நின்றிருக்க வேண்டும்.
நாரினுக்குத் தொலைபேசி போட்டாள்.
"அவரா? அப்பவே போயிட்டாரே,
குதிரைக்கு லாடம் அடிக்கணும்னு."

ஆறின கஞ்சி பழங்கஞ்சி; குடித்துவிடலாம்.
ஆறின ரத்தம் பொய் சொல்கிறது,
சொல்வது பொய்யென்று தெரியாமலே.

"மூணு மணிக்கு எடுத்ததா எழுதிடேன்,"
கையுறையைக் கழற்றியபடி தோல்குன்பெக்.
"மலையைத் தாண்டி வந்திருக்கேன்."
அவள் அவன் கிழிந்த கட்டைவிரல் உறையைப் பார்த்தாள்.
பேனாவைத் திறந்தாள்.
ஒன்பது நாற்பது.
அடுத்தது, ஒன்பது முப்பத்தொன்று.
அடுத்தவர் தாமதமாக வந்தவர், எட்டு ஐந்து.
முப்பத்துநாலு கழித்தல் கணக்கு,
இடையில் ஒருமுறை பேனா மை தீர்ந்தது.

மரபணு மட்டும் பொறுமைசாலி.
வெள்ளணு அடுக்கை உறிஞ்சி எடுத்து
மைனஸ் எண்பதில் வைத்தாள்.
மற்றதெல்லாம் மஞ்சள் வாளிக்கு.

"அப்போ மறுபடி எல்லாரையும்
கை நீட்டச் சொல்லணுமா?"
"ஆமா."
"அந்தக் கிழவரையுமா?"

அவள் பதில் சொல்லவில்லை.
நாரினின் சுழற்பொறிக்கு வேண்டிய உதிரிபாகத்தின் பெயரை
ஐந்தாவது முறையாக
ஒரு விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.