இருபத்திரண்டு சென்டிமீட்டர்

படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவன்
என் கணவனின் அண்ணன் யூலோ.
அதனால்தான் ஆண்டவரே, நான் குளிரைக் கேட்டேன்.
தீவு முழுக்க வெயிலுக்கு ஏங்கிய டிசம்பரில்
நான் ஒருத்தி மட்டும்
கடல் உறையட்டும் என்று
பாத்திரத் தொட்டியில் கையூன்றி நின்றேன்.

மூன்று குளிர்காலம் உறையவில்லை.
சாம்பல் அலை. சாம்பல் மழை.
போதகரிடம் போனேன். நல்ல மனிதர்,
கோபப்படத் தெரியாதவர்,
அதனால் கோபக்காரர்களையும் தெரியாதவர்.
செங்கடல் கரையில் ஜனங்கள் அலறிய இடத்தை
விரல் வைத்துக் காட்டி
"அசையாமல் நில் மாரிகா, அவர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

நின்றேன்.
நின்றபடியே ஒரு பல் போனது.

பிறகு ஓர் இரவு, அவன் குறட்டைக்கு நடுவில்,
அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி வாசித்தேன்.
அங்கே உமது குரல் வேறாக இருந்தது.
என்னிடம் எதற்குக் கூப்பாடு, கிளம்பச் சொல் என்கிறீர்,
கொஞ்சம் எரிச்சலோடுகூட.
அந்த எரிச்சலை நம்பினேன்.
இனிப்பான வாக்குறுதிகளை என் வீட்டிலேயே
திங்கட்கிழமைதோறும் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி ஒன்பது. காலை ஆறு மணி வானொலி:
பனி இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
கடல்மேல் சாலை திறந்துவிட்டது.

ஒரு பள்ளிக்கூடப் பை. ஒரு ஜோடி பூட்ஸ்.
மகள் பில்லேயின் பிறப்புச் சான்றிதழ்.
மாவு டப்பாவில் சேர்த்த காசு, மாவோடு.
ரொட்டி வாங்கப் போகிற முகத்தை
மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

கரைச் சாவடியில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு விர்வே.
வண்டி எண்ணை எழுதினாள். எத்தனை பேர்? இரண்டு.
"சீட் பெல்ட்டைக் கழற்று.
பனி உடைந்தால் குதிக்க வேண்டும்.
நடுவில் எதற்கும் நிறுத்தாதே."
என் உதட்டைப் பார்த்தாள். சின்னத் தீவு,
யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.
"உன் பின்னால் வருகிற வண்டியை
நான் பிடித்து வைப்பேன். இடைவெளி விட வேண்டும், அதுதான் விதி."
விதிப்படி அது மூன்று நிமிடம்.
அவள் சொன்ன விதத்தில்
மத்தியானம் வரைக்கும் நீண்டிருந்தது.

கழற்றினேன்.
பதினொரு வருடமாக இடுப்பைச் சுற்றிக் கிடந்தது
க்ளிக் என்று விட்டது.

அன்று கோலை நீட்டியவருக்குக் கடல் பிளந்தது.
எனக்கு மூடிக்கொண்டது.
இருபுறமும் பனியில் நட்ட ஜூனிப்பர் கிளைகள்,
அவற்றுக்கு நடுவே வழி என்று சொல்லப்பட்ட ஏதோ ஒன்று.
அக்கரை பச்சையாக இல்லை. அதுவும் வெள்ளைதான்.

பாதித் தூரத்தில் பனி முனகியது,
அவன் புரண்டு படுக்கும்போது
கட்டில் முனகுமே, அதே ஒலி.
கால் பிரேக்குக்குப் போனது. நிறுத்தாதே.
கால் திரும்பி வந்தது.

"அம்மா, கீழே மீனெல்லாம் முழிச்சிருக்குமா?"
"தெரியாது."
"நம்ம சக்கரம் அதுக்குத் தெரியுமா?"
"தெரியாது பில்லே."
அவ்வளவு தெரியாததன் மேல்
நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

பனியைப் பிடித்திருந்தது நீரா, பிப்ரவரியா?
யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வராது.
மறு வருடம் இதே தடத்தில் ஒரு டிராக்டர் மூழ்கியது.
அதை ஓட்டிய ஹில்லாரும் ஜெபிக்கிறவன்தான்.
அதை உம்மிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
நீர் இன்னும் சொல்லவில்லை.
இருந்தாலும் கேட்பதற்கு ஆளாக
உம்மையே வைத்திருக்கிறேன்.

கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் ஒரு வண்டியும் இல்லை.
தூரத்தில், தீக்குச்சி முனை அளவுக்கு,
ஓர் ஆரஞ்சுப் புள்ளி
சாலையின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

சக்கரத்தடியில் சரளைக்கல் நொறுங்கியது. தரை.
"இப்போ பெல்ட் போடலாமா?"
போடு என்றேன்.
அவளுடையது உடனே பூட்டியது.
என் கை நடுங்கியதில்
என்னுடையது மூன்றாம் முறைதான் மாட்டியது.