கசிவதற்கென்று ஒரு துளை

முஹர்ரக், ஆகஸ்ட், இரவு பதினொன்றரை.
வண்டியை நிறுத்தி மூன்று மணி நேரமாகியும்
எஞ்சினில் கை வைக்க முடியவில்லை.
தரையிலும் முடியவில்லை.
யாரோ எறிந்த ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
மேலே உட்கார்ந்திருக்கிறேன்,
நெற்றியில் கட்டிய விளக்கோடு.

ஷோரூமில் நாற்பத்தைந்து தினார் கேட்டான்.
பம்ப்தானே என்றேன். பம்ப்தான் என்றான்.
ஏழு தினார்கூட ஆகாத
சீலும் ஓ-ரிங்கும் செம்பு வாஷரும்
சென்னையிலிருந்து ஜெரோனின் பெட்டியில் வந்தன,
அவன் மாமியார் கொடுத்துவிட்ட கருவாட்டுக்குப் பக்கத்தில்.
உறையைக் கிழித்தால்
இன்னும் நெத்திலி வாசம்.

கீழ்ப் போல்ட்டை எடுத்தேன். நாலு சொட்டு.
ரேடியேட்டர் மூடியைத் திருகியதும்
பச்சைத் தண்ணீர் பேசினைத் தாண்டி
முழங்காலில் அடித்தது.
இனிக்கும் தண்ணீர். பூனை நக்கினால் செத்துப்போகும்.
கார்களுக்கு அடியில் நாலு கண்கள்.
எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் மொஃபிஸ்
அவற்றுக்கும் எனக்கும் நடுவே நாற்காலி போட்டு
ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டார்,
எறிய அல்ல, காட்ட.

மூடிக்கு ஐந்து போல்ட்.
நான்கு குட்டை, ஒன்று நெட்டை.
அட்டையில் மூடியைப் பேனாவால் வரைந்து
அதனதன் இடத்தில் குத்தி வைக்கிறேன்.
நெட்டையைக் குட்டையின் குழியில் இறுக்கினால்
அலுமினியம் என்ன செய்யும் என்பதை
போன வருடமே
காசு கொடுத்துக் கற்றாயிற்று.

அகப்பைக் காம்பால் இரண்டு தட்டு.
மூடி வந்தது.
உள்ளே
கைக்குழந்தையின் உள்ளங்கை அளவில்
ஒரு சக்கரம், ஆறு இறகு.
இவ்வளவுதானா.

பகலெல்லாம் நான் காவல் இருக்கும் பம்புகள் ஆள் உயரம்.
பதினான்கு கோபுரங்களுக்குக் குளிர்நீர் அனுப்புகின்றன.
அழுத்தம் ஓட்டம் வெப்பம்
மணிக்கொரு முறை எழுதுகிறேன்.
ஒன்றின் வயிற்றைக்கூடப் பார்த்ததில்லை.
திறக்க ஜெர்மனியிலிருந்து ஆள் வருவான்.

இந்தக் குட்டிப் பம்புக்கு அடியில் ஒரு துளை,
தீக்குச்சி நுழையும் அளவு.
இரண்டு வாரமாய் அங்கிருந்துதான் சொட்டு.
எம்-சீல் பிசைந்து அடைத்தேன்.
பிறகுதான் தெரிந்தது, அது ஓட்டை அல்ல, ஏற்பாடு.
இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் எண்ணெய்,
நடுவில் ஒரே தண்டு.
சீல் தேய்ந்து இரண்டும் கலந்து
எஞ்சின் பால்காப்பி ஆவதற்கு முன்
வெளியே சொட்டிச் சொல்லிவிட
கசிவதற்கென்றே போட்ட துளை.

பஹ்ரைன் என்றால் இரண்டு கடல் என்றார் மொஃபிஸ்.
உப்புக்கு அடியில் இனிப்பு ஊறியதாம்,
முத்துக்குளிக்கிறவர்கள் தோல்பையோடு மூழ்கி
குடிதண்ணீர் மொண்டு வந்தார்களாம்.
நடுவில் சீல் உண்டா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இருந்திருக்கும். இப்போது ஊற்றே இல்லையே.

பழைய சீலை நெம்பி எடுத்து
புதியதை இருபத்திரண்டு நம்பர் சாக்கெட்டால்
கோணாமல் தட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது போன்.
இன்பராணி.
என்னங்க சத்தம்?
வண்டி வேலை.
ஷோரூம்ல விடலாம்ல?
சும்மாதானே இருக்கேன்.
சம்பளம்?
வந்துரும்.
குரலில் ஒன்றும் சொட்டவில்லை என்றே நினைத்தேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.
எத்தனை மாசமா வரல?

ஊக்கை எடுத்து
துளைக்குள் இறுகிப்போன எம்-சீலை
துணுக்குத் துணுக்காகக் குத்தி எடுத்தேன்.
ரெண்டு, என்றேன்.

இனி மூடியை மாட்ட வேண்டும்.
பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மூன்று பாட்டில் இருக்கிறது;
குழாய்த் தண்ணீர் உப்பு,
அதுவும் இந்நேரத்திலும் டீ போடும் சூட்டில் வரும்.
காற்றுக்குமிழி போகும்வரை ஓடவிட்டு
துளைக்கு நேர் கீழே
ஒரு டிஷ்யூ தாளை விரித்து வைத்துவிட்டுப் படுக்கலாம்.

பச்சைப் பேசினை எங்கே கொட்டுவது?
மொஃபிஸுக்கும் தெரியவில்லை.
பூனைகள் இன்னும் போகவில்லை.