மீதி ஐந்து குதிரைகள்

ஆறடி வாய் வைத்த பனிவீசிதான் வேண்டுமென்று
கடைக்குப் போனான் ஆர்வோ.
"இருபத்து மூன்று குதிரை, என் டிராக்டர்."
டார்லா கையேட்டைப் புரட்டினாள்:
பின் சுழல்தண்டுக்கு வந்து சேர்வது பதினெட்டு.
மீதி ஐந்தும்
எங்கே மேயப் போயின?

டயரின் இந்த ஓரம் தொட்டு அந்த ஓரம்
ஐம்பத்திரண்டு அங்குலம்.
வாய் அதற்கும் குறுகினால்
அள்ளாத பனியை மிதித்தே போகணும்.
"ஐந்தடி எடு."
மனசில்லாமல் கையெழுத்துப் போட்டான்.

ஜனவரி. சுப்பீரியர் ஏரி இரவெல்லாம் கொட்டியது;
விடியலில் நகராட்சிக் கலப்பை
வாசலை அடைத்துவிட்டுப் போயிருந்தது,
இடுப்புயரத்துக்குக் கட்டிப்பனி.
எஞ்சின் முனகியது, நிற்கவில்லை.
ஒரு நடைக்கு இரண்டு நடை.

எதிர்வீட்டு வெர்னின் ஆறடி
வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டு
பாதிக் குவியலில் ஊமையாய்.
ஆர்வோ
ஒரு நிமிடம் ரசித்தான்.
பிறகுதான் அந்தப் பக்கம் திருப்பினான்.