விசாரித்தவர்கள்

மின்சாரப் போறணை ஒன்று, எட்டரை இலட்சம்.
விறகு கொண்டுவர ஆளில்லை,
என் கண்ணுக்கும் புகைக்கும் இப்போது ஒத்துவருவதில்லை.
களுவாஞ்சிகுடி வங்கிக்கு முழங்கை கழுவித்தான் போனேன்,
மயிர்க்கால்களில் கோதுமை மா மிச்சமிருந்தது.

கடன் பிரிவுப் பிள்ளை, பஸ்மியா,
நான்கு பக்கத் தாளை என் பக்கம் திருப்பிவைத்தாள்.
"உங்கட கிரிப் அறிக்கை அன்ரி. வாசிச்சிக் காட்டறன்."

முதல் பக்கம் நான்.
என் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள்.
இரண்டும் ஒருத்திதான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.
அடையாள அட்டை இலக்கம்,
விட்டு வந்து ஒன்பது வருடமான வீட்டு முகவரி.

இரண்டாம் பக்கம் மாதங்கள்.
முட்டைத் தட்டுப்போலச் சின்னச் சின்னக் கட்டங்கள்,
வீட்டுக் கடனுக்கு ஒரு வரிசை, குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வரிசை,
கட்டத்துக்குக் கட்டம் பூச்சியம்.
பூச்சியம் எடுத்துப் பெருமைப்படும் இடம்
உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.
பதினான்கு வருடம் பிசகாமல் கட்டிய சீட்டு அங்கே இல்லை.
மா மூட்டைக்கு சித்தீக் முதலாளியின் கொப்பியில்
நான் வெட்டிவிட்ட கணக்குகளும் இல்லை.

மூன்றாம் பக்கத்தின் தலைப்பு: விசாரணைகள்.
புரட்டாதியில் நான் கொடுத்த விண்ணப்பங்களுக்காக
ஒக்டோபரில் மட்டும் மூன்று இடத்திலிருந்து
என்னை விசாரித்திருக்கிறார்கள், திகதியோடு.
காய்ச்சலில் பதினெட்டு நாள் கிடந்த ஒக்டோபர் அது.
சுகம் விசாரிக்க ஒரு குருவியும் வரவில்லையே என்று
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

நான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.
கோணலிங்கம். ஆட்டோ லீசிங். முப்பது, அறுபது, தொண்ணூற்று நான்கு.

"அது என்ர கடனில்லையே, பிள்ள."

"பிணை நிண்டிருக்கிறீங்க. அவர் பிந்தினா உங்கட தாளிலயும் விழும்."

"மறுகா கட்டி முடிச்சிட்டானே."

"முடிச்சதும் இருக்கு, பிந்தினதும் இருக்கு. கொஞ்சக் காலம் ரெண்டும் நிக்கும்."

"அப்ப நான் கறுப்புப் பட்டியலா?"

"அப்பிடி ஒரு பட்டியல் இல்ல அன்ரி.
இந்தத் தாள் இல்லையெண்டு சொல்லாது, நடந்ததச் சொல்லும்.
இல்லையெண்டு சொல்றது நாங்கதான்.
ஆறு மாசத்தால மறுகா வாங்க."

இப்படி முகத்துக்கு நேரே சொன்னவளுக்கு
ஒரு பணிஸ் கொண்டு போயிருக்கலாம்.

பஸ்ஸில் விரல்விட்டு எண்ணினேன். மார்ச், ஏப்ரல், மே.
கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தடியில்
மாட்டுக்கு வெட்டி, ஆட்டோ கவிழ்ந்து,
அவன் வலது கால் இரண்டாகிக் கிடந்த மாதங்கள்.
பாணும் பருப்பும் நான்தான் கொண்டு போனேன்.
கட்டிலடியில் லீசிங் கடிதத்தைப் பிரிக்கப் பயந்துகொண்டிருந்தான்.
அதை வாங்கி விசிறியாக மடித்துவிட்டுச் சொன்னேன்,
"கட்டுக்காசு கிடக்கட்டும்டா. முதல்ல காலப் பாரு."

என் வாயால் சொன்னதுதான்.
அதற்குத் தெரிந்த பாஷையில்
முப்பது, அறுபது, தொண்ணூற்று நான்கு என்று
ஒரு சொல் விடாமல் பதிந்து வைத்திருக்கிறது.

விடிய நாலே முக்கால்.
பாண் ஆட்டோவின் மெட்டு ஒழுங்கைக்குள் முதலில் வரும்,
பிறகு வெளிச்சம், பிறகு
காலை இழுத்து இழுத்து அவன்.
நூற்றிருபது இறாத்தல் எண்ணி அடுக்கினோம்.

"லோன் சரிவந்திச்சா அக்கா?"

"மறுகா பாப்பம் எண்டாங்க."

"ஏனாம்?"

போறணை வாயை மூடப் போனேன், மூடியிருந்தது.

இன்று பதினைந்து.
கால் எப்படி என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
"கட்டினியா?" என்று வந்தது.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.
இருக்கைக்கடியில் பொலித்தீன் பையை அவிழ்த்து,
நேற்றைய பற்றுச்சீட்டை எடுத்து,
எனக்கு வாசிக்கத் தெரியாதென்பதுபோல
ஹெட்லைட் வெளிச்சத்தில் நேராகப் பிடித்தான்.

மெட்டு நிற்கவில்லை.
பக்கத்து வீட்டுப் பிள்ளை
காசோடு படலையைத் திறந்துகொண்டு வந்தது.