குளிர்காய்தல்

தார்த்து நகரில் எங்கள் பேட்டைக்கு
சூப்பூர் என்று பெயர்.
தெருக்களுக்கெல்லாம் காய்கறிப் பெயர்கள்.
உருளைக்கிழங்குத் தெருவில் ஒரு மரவீடு,
அதில் இடப்பாதி என்னுடையது.
முன்னறையில் மேசை போட்டு
பதினோரு சின்னக் கடைகளுக்குக் கணக்கெழுதுகிறேன்.
யாருடைய பணம்
எந்த ஓட்டையில் ஒழுகுகிறது என்று
கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு.

டிசம்பர் மாத மின்கட்டணம் வந்தது.
உட்கார்ந்து படித்தேன்.
பிறகு நின்று படித்தேன்.

நூலகத்தில் புத்தகம்போல இரவல் தருகிறார்கள்
மின்சாரம் அளக்கும் கருவி ஒன்று.
ஒவ்வொரு பிளக்கிலும் அதைச் செருகி
வாக்குமூலம் வாங்கினேன்.
திரை உடனே ஒப்புக்கொண்டது.
மடிக்கணினி அதிகம் மறைக்கவில்லை.
பிரிண்டர்தான்,
மாதம் நாலு தாள் அடிக்கும் பிரிண்டர்,
தூங்கிக்கொண்டே தின்றிருக்கிறது
ஒன்பது வருஷம், இரவும் பகலும்.
முன்னாள் கணவன் நினைவுக்கு வந்தான்.
அவன் விஷயத்தில்
இரண்டே வருஷத்தில் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன்.

காலடி ஹீட்டரைச் செருகியபோது
எண்கள் ஏறிய வேகத்தில்
கையை இழுத்துக்கொண்டேன்.

இங்கே மின்சாரத்துக்கு மணிக்கொரு விலை,
மீன்சந்தை மாதிரி.
கடலில் காற்றடிக்கும் இரவுகளில் தரைக்கு வரும்.
அப்போது எழுந்து துணி துவைத்தேன்.
மாலை ஆறு மணிக்குக் கெட்டிலைத் தொடுவதில்லை.
மெழுகுவர்த்தியை ஜன்னலோரம் பிடித்து
சுடர் சாய்ந்த இடத்திலெல்லாம் கம்பளி திணித்தேன்.
கடைசியாக மேசையைத் தள்ளினேன்,
வெளிச்சத்தை விட்டு,
நடுச்சுவருக்கு.

நடுச்சுவர் செங்கல்.
அதற்குள் புகைபோக்கி.
அந்தப் பக்கம் ஆர்வி,
ரொட்டி ஆலையில் இரவு வேலை.
காலை ஏழுக்கு வந்து அடுப்பில் பிர்ச் விறகு வைப்பார்.
எட்டரைக்குச் செங்கல் பேசத் தொடங்கும்.
முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.
ஹீட்டரைப் பரணில் போட்டேன்.

ஜனவரியில் எண்பத்து மூன்று யூரோ மிச்சம்.
பச்சை மையில் அடிக்கோடிட்டேன்.
இரண்டு தடவை.

தொழில் சும்மா விடுமா?
வரவு என்று ஒன்று எழுதினால்
எங்கோ அதற்கொரு பற்று இருந்தாக வேண்டும்.
தேடினேன்.
கம்பளிக்கு இவ்வளவு, கெட்டிலுக்கு இவ்வளவு,
பிரிண்டருக்கு இவ்வளவு.
மீதி முழுக்க அந்தப் பக்கத்து விறகு.
அடுத்தவர் தீயில் குளிர்காய்வது என்பார்களே,
அதைத்தான் நான்
சிக்கனம் என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு மூட்டை பிர்ச் வாங்கி
பனியில் இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனேன்.
கலைந்த தலையோடு கதவு திறந்தார்.
மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
புள்ளிவிவரத்தோடு விளக்கினேன்.
முழுவதும் கேட்டுவிட்டு
“வியாழக்கிழமை எங்கே போயிருந்தீர்கள்?” என்றார்.
வரி அலுவலகத்துக்கு, ஏன்?
“தூக்கமே வரவில்லை.”

சுவரின் அந்தப் பக்கம் அவர் கட்டில்.
ஆலை இயந்திரம் வீடுவரை காதில் வருமாம்.
நான் தட்ட ஆரம்பித்ததும்
அது மெல்லக் கழன்று போகுமாம்.
எழுத்து தட்டினால் ஒரு சத்தம், எண் தட்டினால் வேறு,
“எண்ணுக்குத்தான் நல்ல தூக்கம்” என்றார்
ஏதோ மருந்தின் அளவைச் சொல்வதுபோல.

பாதி விறகை எடுத்துக்கொண்டு
பாதியைத் திருப்பித் தந்தார்.
எனக்குத்தான் அடுப்பில்லை.
இருந்தும் வாங்கிக்கொண்டேன்,
மேசைக்கடியில் கிடக்கிறது.

சத்தமில்லாத விசைப்பலகை ஒன்றுக்குப்
பணம் கட்டியிருந்தேன். வேண்டாமென்று எழுதிவிட்டேன்.
கருவியைத் திருப்ப இரண்டு நாள் தாமதம்,
அபராதம் நாற்பது சென்ட்.
அதைக் கணக்கில் சேர்த்தாயிற்று.
மற்றதை எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியவில்லை.

இன்று மைனஸ் பதினெட்டு.
ஏழேகாலுக்கு அந்தப் பக்கம் அடுப்புக் கதவு கிரீச்சிட்டது.
கடைகள் எதுவும் ரசீது அனுப்பவில்லை,
எழுத ஒன்றும் இல்லை.
செங்கல் இன்னும் சில்லென்றிருக்கிறது.
விளக்கைப் போட்டு உட்கார்ந்து
போன வருஷத்து எண்களை
முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.