காலி எடை

புளியரை விலக்கில், எடைமேடைக் கூண்டுக்குள்
பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.
எம்-சாண்ட், வைக்கோல், பல்லாரி,
கேரளாவுக்கு ஏறுகிற எதுவும்
அந்த இரும்புப் பலகையில் நின்று
என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகும்.
மொத்த எடை. காலி எடை.
கழித்தால் சரக்கு.

இப்போது காலை ஆறரைக்கு நான் ஏறுகிறேன்,
குளியலறை வாசலில், செருப்பில்லாமல்,
திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய
கண்ணாடிப் பலகையில்.
விரலில் கிளிப், கையில் பட்டை,
நாக்குக்கடியில் ஒரு குச்சி.
நாலும் சொல்லி முடித்ததும்
போனிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி கிளம்பி
எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு என்று
எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்காமல் போகிறது.

எங்கள் வீட்டில் டவர் ஒரு நிலையில் நிற்காது.
கட்டிலில் கிடந்தால் தமிழ்நாடு.
வாந்தி எடுக்கக் கொல்லைக்கு ஓடினால்
கேரளத்துக்கு நல்வரவு என்கிறது போன்.

ஏழு மணிக்கு லிஜி சிஸ்டர் கூப்பிடுவாள்.
முகம் பார்த்ததில்லை.
"பேச்சி சேச்சி" என்று சொல்லிவிட்டு
அவளே சிரிப்பாள்.

முதல் வாரம், மார்கழி. கேட்டாள்:
"பனி உண்டோ, சேச்சி?"
ஜன்னலைப் பார்த்தேன்.
"பயங்கரப் பனி சிஸ்டர்.
விடியுமுன்னேயிருந்து.
எதிர்வீடே தெரியலை."
அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.
கண் தெரியலையா, நடுக்கம் உண்டா,
வண்டி தென்காசியிலிருந்தா புனலூரிலிருந்தா என்று
யாரிடமோ கேட்கிறாள்.
மாடக்கண்ணு போனைப் பிடுங்கி
"காய்ச்சல் இல்லம்மா, இது மலையிலேருந்து எறங்குறது"
என்று கத்தினார்.
நான் அனுப்பிய தொண்ணூற்றெட்டு புள்ளி நாலை
அதற்கப்புறம்தான் திரையில் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது ஊசிக்கு முன் நாற்பத்துமூன்று.
ஐம்பத்தெட்டாக இருந்தவள்.
பதினைந்து கிலோ சரக்கு
எங்கே இறங்கியதென்று ரசீது இல்லை.
இன்னும் குறைந்தால் ஊசி தள்ளிப்போகும் என்றார்கள்.
தள்ளிப்போனால் என்னவென்று
யாரும் சொல்லவில்லை.

டிரைவர்களின் வேலையெல்லாம் எனக்குத் தெரியும்.
காலி வண்டிக்கு டேங்கை நிரப்பிக்கொண்டு வருவார்கள்.
கிளீனரைச் சீட்டுக்கடியில் ஒளித்துவைப்பார்கள்.
எத்தனை பேரைக் காதைப் பிடித்து இறக்கியிருக்கிறேன்.

இஞ்சி நசுக்குகிற குழவிக்கல்.
இடப்பக்கம் அறுத்தெடுத்த இடம்
காலியாகத்தானே இருக்கிறது.
நைட்டிக்கு மேலே கல்லை
அங்கே அணைத்துக்கொண்டு ஏறினேன்.
தையலில் அது குளிர்ந்தது.
நாற்பத்தைந்து.

ஏழு மணி. லிஜி சிரிக்கவில்லை.
"ஒரே ராத்திரியில ரெண்டு கிலோவா?"
கூண்டுக்குள்ளிருந்து நான் கேட்கிற அதே குரல்.
தரை சரியில்லை, ஈரம் என்றேன்,
லாரிக்காரன் மாதிரியே.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எடையைப் பார்த்துத்தான் மருந்து அளக்குது.
கல்லுக்குக் கீமோ வேண்டா, சேச்சி."

கல் என்று நான் சொல்லவேயில்லை.

இறங்கினேன். ஏறினேன்.
நாற்பத்திரண்டு புள்ளி ஒன்பது.
பச்சைப் புள்ளி போயிற்று.
ஊசி தள்ளிப்போகவில்லை, அளவைக் குறைத்தார்கள்.
அதற்கு ஏன் அன்றைக்கு அழுதேன் என்று
இன்னும் தெரியவில்லை.

ஊசி போட்ட ஒன்பதாம் நாள், ராத்திரி ரெண்டே கால்.
போர்வைக்குள் பல் கிட்டியது.
குச்சியை வைத்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு.
போனைக் கீழே வைக்குமுன் அது அடித்தது.
"பனி உண்டோ, சேச்சி?"

வெளியே எதிர்வீடு தெரியவில்லை.
"உண்டு சிஸ்டர்" என்றேன்,
இரண்டு பாஷைக்கும் சேர்த்து.

மாடக்கண்ணு வேன் சாவியைத் தேடிய நேரத்தில்
புனலூரில் படுக்கை சொல்லியாயிற்று,
மருந்து எடுத்துவைத்தாயிற்று.
எடைமேடைக் கூண்டில் லைட் எரிந்தது.
என் ஸ்டூலில் புதுப் பையன், தலை சாய்ந்து தூக்கம்.
முன்னால் ஒரு வைக்கோல் லாரி
ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்கிறது.
மடியில் போன் வெளிச்சம் போட்டு
நல்வரவு சொல்கிறது.
லிஜி லைனை வைக்கவில்லை.

"தூங்கண்டா, சேச்சி.
பேசிட்டு இரு.
இப்ப எந்த வளைவு?"