மூன்று மில்லிமீட்டர்

ஜே.சி. ரோட்டில் பெட்டியைக் கையில் கொடுக்கும்போது
மன்சூர் பாய் ஒன்றுதான் சொன்னார்:
"பழைய பாயின்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க மேடம்,
இது படுத்தா அது வேணும்."
நாலாயிரத்து இருநூறு. பேரம் படியவில்லை.
சோப்புக் கட்டி அளவு,
கறுப்புப் பிசின் ஊற்றி அடைத்தது,
உள்ளே என்ன என்று கேட்கக்கூடாது என்பதுபோல.

மழைக்காலம் முழுக்க யெஸ்டி படுத்திவிட்டது.
டொம்லூர் மேம்பாலத்தில் இரண்டு தடவை.
ட்ரினிட்டி சிக்னலில், பின்னால் ஒரு பி.எம்.டி.சி. பஸ் பொறுமையிழக்க,
மூடியைக் கழற்றி
உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து
நடுவே எல்.ஐ.சி. சுகிர்தராஜின் விசிட்டிங் கார்டைச் செருகி
இடைவெளி பார்ப்பேன்.
அந்த அட்டையின் கனம் சரியாகப் புள்ளி நான்கு.
அவரிடம் பாலிசி எடுத்ததில்லை.
கார்டு மட்டும் மூன்று வாங்கியிருக்கிறேன்.

பாயின்ட் என்பது இவ்வளவுதான்:
இரண்டு முனைகள்.
ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது.
பிரிகிற கணத்தில்தான் பொறி.
எபனேசரிடம் இதைச் சொன்னேன்.
"சர்ச்சுல சொல்லி வைக்காத" என்றான்.

புதியதில் எதுவும் எதையும் தொடாது.
காந்தம் கடந்துபோகும்,
சுருள் உணர்ந்துகொள்ளும்.
தேய்மானம் கிடையாது.
அவனுக்கு ஏர்போர்ட் கார்கோவில் இரவு ஷிப்ட்,
எனக்குக் காலை ஆறுக்கு ரத்தப் பரிசோதனை லேப்,
வாசலில் சாவி கைமாறும்.
இதற்குமேல் இதை எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
மர்ஃபி டவுனில் எங்கள் சந்து
ஒரு பைக்கும் ஒரு தண்ணீர் டிரம்மும் நிற்குமளவு அகலம்.
பிளக் துளையில் இளநீர்க் கடை ஸ்ட்ராவை விட்டேன்.
பிஸ்டன் ஏற ஸ்ட்ரா ஏறியது,
உச்சியில் ஒரு நொடி தயங்கியது.
புருவப் பென்சிலால் கோடு போட்டேன்.
உச்சியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் என்றது காகிதம்.
எந்தப் பக்கம் என்பது மறுபக்கத்தில் இருந்தது.
நான் திருப்பவில்லை,
மேலே எபனேசரின் டீ கிளாஸ் இருந்தது.

கியர் தண்டையே நிமிர்த்தினால் அதுதான் கிக்கர்.
ஒரே மிதி.
எதிர்த்து ஒரு உதை கொடுத்து, உயிர் வந்தது.
மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பிலோமினா
கிளிப்பை வாயில் கவ்வியபடியே கை தட்டினாள்.
முதல் கியர் போட்டு
கிளட்சை விட்டேன்.

பின்னால் போனது.

டிரம் சாய்ந்தது.
இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் காவேரித் தண்ணீர்
எபனேசரின் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு
சந்துமுனை வரை நடந்தது.
"ஏனு ஆன்ட்டி, ரிவர்ஸா?" என்றான் எதிர்வீட்டு ப்ரஜ்வல்.
பிறகு, "இன்னொந்து சல!"

டூ ஸ்ட்ரோக்குக்குத் திசை ஒரு பொருட்டில்லை.
அந்த மூன்று மில்லிமீட்டர்
உச்சிக்கு முன்னால் இருக்க வேண்டும்.
நான் பின்னால் வைத்திருந்தேன்.
அது கோபிக்கவில்லை,
பொறி வந்த நேரத்துக்கு ஏற்றபடி
எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கிவிட்டது,
அதே உற்சாகத்தோடு.

தூக்கம் கலைந்து எழுந்து வந்தான் எபனேசர்,
நனைந்த பனியனும் பாதி மூடிய கண்ணுமாக.
திட்டுவான் என்று பார்த்தேன்.
பின்சக்கரத்தின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.
நாலாம் கியரில் போட்டுச் சக்கரத்தை அவன் உருட்ட
ஸ்ட்ராவை நான் பிடித்தேன்.
"நிறுத்து."
"இங்கயா?"
"தாண்டிட்ட. திரும்பக் கொண்டா."
"இப்போ?"
"ஒரு மயிரிழை."
ஒன்றரை மணி நேரம் இதையேதான் பேசினோம்.
ஊறிப்போன காகிதத்தை அவன் தொடைமேல் விரித்து வைத்திருந்தான்,
மறுபக்கம் மேலே தெரிய.

இப்போது நிற்பதே இல்லை.
ட்ரினிட்டி சிக்னலில் நூற்றுப்பத்து நொடி
ஐட்லிங்கில் கிடக்கிறது, பூனை மாதிரி.
எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை,
ஜெர்கின் பையில் துழாவுகிறது.
டிஷ்யூவில் சுற்றிய பழைய பாயின்ட்,
முனை மழுங்கிய மூன்று கார்டு.
சுகிர்தராஜ் நேற்றும் போன் செய்தார்.

பிலோமினாவுக்கு
இன்னும் இரண்டு குடம் தண்ணீர் பாக்கி.